நெருப்பு அணைந்த பிறகும் தண்ணீர் இருக்க வேண்டும்

பொழுதுபோக்குக்காக எரிவாயுவில் ஓட்டும் சிறு நீராவி மாதிரி ரயில் இன்ஜின்களோடு வரும் கையேடுகள் பெரும்பாலும் குளிர் நாட்டில் இருந்துகொண்டு எழுதப்பட்டவை. எரிவாயு சரியாக வராவிட்டால் அதன் தொட்டியைச் சிறிது நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்கலாம் என்று அவை சொல்லும் யோசனை இங்கிலாந்தின் அக்டோபர் மாதத்துக்குப் பொருந்தும். காலை ஒன்பது மணிக்கே கார் போர்ச்சின் தரை காலைச் சுடும் கோலாலம்பூருக்குப் பொருந்தாது. செந்தூலில் என் முதல் இன்ஜினை வாங்கிய புதிதில் நான் அந்த வரியை அப்படியே பின்பற்றினேன். பர்னர் இரைந்தது, பாதுகாப்பு வால்வு ஓயாமல் சீறியது, நானும் அதைக் கேட்டு மகிழ்ந்துகொண்டிருந்தேன். பன்னிரண்டாவது நிமிடத்தில் வால்வின் சீற்றம் நின்றது. பர்னரின் இரைச்சல் நிற்கவில்லை. கொதிகலனின் மேலுறையில் இருபது காசு நாணயம் அளவுக்குப் பச்சை வண்ணம் பழுப்பாகிக் கொப்பளித்த பிறகுதான், உள்ளே தண்ணீர் தீர்ந்துபோனது எனக்கு உறைத்தது.

வேலிக்கு அப்பாலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர், நீராவிக் காலத்தில் மலாயா ரயில்வேயில் ஃபயர்மேனாக, அதாவது இன்ஜின் அடுப்பையும் கொதிகலனையும் கவனிப்பவராக, இருந்தவர்.

“தண்ணி எவ்வளவு இருந்துச்சு தம்பி?”

“பார்க்கலை அங்கிள்.”

“அப்புறம் எதை நம்பி நெருப்பு வெச்சே?”

பெரிய இன்ஜினில் ஏறுகிற ஃபயர்மேன் எரியும் அடுப்பைப் பார்ப்பதற்கு முன்பே கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தைப் பார்ப்பான் என்றும், மட்டம் தெரியாத கொதிகலனுக்கு நெருப்பு காட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு சாலையைக் கடப்பது போன்றது என்றும் அவர் அன்று சொன்னார். நம் சிறு இன்ஜின்களில் பலவற்றுக்குக் கண்ணாடிக் குழாயே கிடையாது. குழாய் இருக்கும் இன்ஜின்களிலும் அந்த மெல்லிய குழாய்க்குள் ஒரு குமிழி சிக்கிக்கொண்டு பொய்யான மட்டத்தைக் காட்டும். ஆகவே தண்ணீரைக் கண்ணால் காண்பதற்குப் பதிலாகக் கணக்கால் காண வேண்டியிருக்கிறது. இன்ஜினில் என்ன மாற்றம் செய்தாலும், எரிவாயு தீர்ந்து நெருப்பு அணையும் நேரத்தில் கொதிகலனில் தண்ணீர் மீதம் இருக்கிறதா என்ற கேள்விக்கு அந்த மாற்றம் பதில் சொல்லியாக வேண்டும்.

எரிவாயுவும் தண்ணீரும்

ஒரு கிராம் பியூட்டேன் எரிந்தால் ஏறக்குறைய 46 கிலோஜூல் வெப்பம் கிடைக்கிறது. சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு என்ற வழக்கமான இயக்க அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 141 டிகிரி செல்சியசில் கொதிக்கும். நம் ஊரில் 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீரை அந்தச் சூட்டுக்குக் கொண்டுவந்து ஆவியாக்க 2.6 கிலோஜூல் அளவு போதும். வெப்பத்தில் பாதி புகைபோக்கி வழியாக வீணாகப் போகிறது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு கிராம் எரிவாயு ஒன்பது கிராம் தண்ணீரைத் தீர்த்துவிடும். அப்படியானால் 20 கிராம் எரிவாயு பிடிக்கும் தொட்டி 180 மில்லிலிட்டர் தண்ணீரைக் குடித்துவிடும்; கொதிகலனில் ஊற்றியதோ 200 மில்லிலிட்டர்தான். இடைவெளி எவ்வளவு சிறியது என்பது இதிலிருந்து விளங்கும். கொதிகலனுக்கு உறை போட்டு வெப்ப இழப்பைக் குறைத்தாலோ, மேலும் திறமான பர்னர் ஒன்றைப் பொருத்தினாலோ, அந்த இடைவெளியும் போய்விடும்.

வெயில் இதில் எப்படி நுழைகிறது என்றால், பியூட்டேனின் ஆவியழுத்தம் 20 டிகிரியில் காற்றழுத்தத்துக்கு மேல் ஒரு பார் (சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 14.5 பவுண்டு) அளவில்தான் இருக்கும். 35 டிகிரியில் அது இரண்டு பாரைத் தாண்டிவிடும். எரிவாயுத் தொட்டி ஓட்டுநர் அறைக்குள், சூடான கொதிகலனை ஒட்டியே இருப்பதால், ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் 35 டிகிரியை எட்டுவது இங்கே சாதாரணம். குளிர் நாட்டில் முழுவதும் திறந்தால்தான் போதுமானதாக இருக்கும் எரிவாயு வால்வு, இங்கே கால் சுற்றிலேயே அதே நெருப்பைக் கொடுத்துவிடுகிறது. இதனால்தான் மலையேறுபவர்களுக்காக விற்கப்படும் புரோப்பேன் கலந்த டப்பாக்களை நான் தொடுவதில்லை. அதே 35 டிகிரியில் தனிப் புரோப்பேன் பத்து பாருக்கும் மேலான அழுத்தத்தைக் காட்டும். குளிர் நாட்டார் சளைக்கும் பியூட்டேனுக்கு உரமூட்ட அதைக் கலக்கிறார்கள். நமக்கு அந்தத் தேவையே இல்லை. பேரங்காடியில் லைட்டருக்கு அடைக்க விற்கப்படும் சாதாரண பியூட்டேன் டப்பா போதும். வீட்டில் ஸ்டீம்போட் (மேசையிலேயே கொதிக்கவைத்து உண்ணும் சூப்பு) சமைக்கும் அடுப்புக்கான டப்பாவிலும் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன்தான் என்றாலும், டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்து உறுதி செய்யுங்கள். அதன் வாய் நம் இன்ஜினின் வாயில் நேராக உட்காராது, அதற்கென்று உள்ள இணைப்பு வாய் வேண்டும்.

உங்கள் இன்ஜினின் கணக்கைக் கண்டுபிடிக்கும் முறை எளியது. மருந்துக் கடையில் கிடைக்கும் 50 மில்லிலிட்டர் ஊசிக்குழலால் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். எரிவாயு டப்பாவைச் சமையலறைத் தராசில் நிரப்புவதற்கு முன்னும் பின்னும் நிறுத்து, எவ்வளவு உள்ளே போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். நிரப்பும்போது சிந்துவதும் அதில் சேரும் என்பதை மறக்காதீர்கள். முதல் சோதனையில் தொட்டியில் பாதி அளவு மட்டும் நிரப்பி, அது தானாக அணையும் வரை ஓட்டி, இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு உள்ளே எஞ்சிய தண்ணீரை உறிஞ்சி அளங்கள். பாதி எரிவாயு எவ்வளவு குடித்தது என்பது தெரிந்துவிட்டால், முழுத் தொட்டி பாதுகாப்பானதா என்பது தெரிந்துவிடும். ஊற்றியதில் நான்கில் ஒரு பங்காவது மீதம் இல்லையென்றால் எரிவாயுவைக் குறைத்து நிரப்புங்கள், அல்லது எரிவாயு பர்னருக்கு வரும் நுண்துளை முனையான ஜெட்டில் அடுத்த சிறிய அளவைப் போடுங்கள்.

எதை முதலில் மாற்றுவது

மாற்றம் என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது தோற்றம். நம்முடைய ரயில்வே 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை தொடங்கிய நாள் முதல் மீட்டர் பாதை. 45 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள நம் சிறு தண்டவாளத்தில் அதை மாதிரியாக்கினால் ஏறக்குறைய 22க்கு 1 என்ற அளவு வருகிறது, கடையில் விற்கும் 22.5க்கு 1 அளவுப் பெட்டிகளும் அதனோடு பொருந்திவிடுகின்றன. ஓட்டுநர் அறையை வெயிலுக்கு ஏற்ற நீண்ட கூரையோடு மாற்றிக்கட்டும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் அதெல்லாம் கடைசியில் செய்ய வேண்டிய வேலை.

முதல் வேலை பாதுகாப்பு வால்வு. ஏலத்தில் வாங்கிய பழைய பொம்மை இன்ஜின் என்றால் அதன் வால்வைப் பழுது பார்க்காதீர்கள். அதே மாதிரிக்கென்று அழுத்தம் அமைத்து விற்கப்படும் புதிய வால்வை வாங்கிப் போடுங்கள். வால்வின் சுருள்வில்லை இறுக்கினால் அழுத்தம் கூடும், வேகமும் கூடும் என்று செய்பவர்கள் உண்டு. அந்தக் கொதிகலன் எந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டது என்பது அதைச் செய்தவருக்கு மட்டுமே தெரியும். நம் கையிலிருக்கும் ஸ்பானருக்குத் தெரியாது. பழைய பிரிட்டிஷ் பொம்மைகளின் திருகு இழைகள் மெட்ரிக் (மில்லிமீட்டர்) அளவில் இருக்கமாட்டா என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் திருகு இரண்டு சுற்று உள்ளே போய் நின்றால், அது பொருந்தவில்லை என்று பொருள்; மேலும் முறுக்கினால் பித்தளை இழை சிதைந்துவிடும்.

இரண்டாவது வேலை கொதிகலனைத் தண்ணீரால் சோதிப்பது. காற்றுக் குமிழி எதுவும் எஞ்சாதபடி கொதிகலனை முழுக்க நிரப்பி, பாதுகாப்பு வால்வின் வாயை அடைத்து, குழாய் வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் அழுத்தமானியுள்ள கைப்பம்பை இணைத்து, இயக்க அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு வரை மெல்ல ஏற்ற வேண்டும். புதிதாகச் செய்த கொதிகலனுக்கு இரண்டு மடங்கு என்பது வழக்கம். முள் இறங்காமல் கால் மணி நேரம் நிற்க வேண்டும். தண்ணீர் அமுங்காது என்பதால், கொதிகலன் விட்டுக்கொடுத்தாலும் சில துளிகள் பீறிடுவதோடு முடிந்துவிடும். கார் டயருக்குக் காற்றடிக்கும் பம்பால் இந்தச் சோதனையை ஒருபோதும் செய்யக் கூடாது. அமுக்கி வைத்த காற்று ஓட்டையைக் கண்டால் வெடித்தே வெளியேறும்.

கொதிகலனின் இணைப்புகள் எதனால் ஆனவை என்றும் இப்போதே பார்த்துவிடுங்கள். செப்புக் கொதிகலனை வெள்ளிப் பற்றாசால் இணைத்திருந்தால் அந்த இணைப்பு 600 டிகிரிக்கு மேல் தாங்கும். ஈயப் பற்றாசு 200 டிகிரிக்கு அருகிலேயே இளகத் தொடங்கிவிடும்; தண்ணீர் இருக்கும்வரை அது பிழைக்கும், வற்றிய மறுநிமிடம் பிழைக்காது. திட எரிபொருள் மாத்திரைக்காகச் செய்யப்பட்ட பழைய பொம்மைகளுக்கு எரிவாயு பர்னர் போட விரும்புவோர் இந்த ஒரு காரணத்துக்காகவே பத்து முறை யோசிக்க வேண்டும். அந்த மாதிரிக்கென்றே செய்து சோதிக்கப்பட்ட பர்னரும் தொட்டியும் கிடைத்தால் போடுங்கள். தகர டப்பாவை ஒட்டிச் சொந்தமாக எரிவாயுத் தொட்டி செய்யும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். எரிசாராய விளக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை: நம் ஊர் வெயிலில் சாராயச் சுடர் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று எண்ணி மறுபடியும் ஊற்றுவதில்தான் கை வேகிறது.

பழைய இன்ஜினின் அடைப்புத் தகடுகள் கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். சாம்பல் நிறத்தில் நார் நாராகத் தெரிந்தால் உலர்ந்த நிலையில் சுரண்ட வேண்டாம். ரப்பர் வளையங்களை மாற்றும்போது சாதாரண நைட்ரைல் வளையம் கொதிநீராவியில் சீக்கிரமே இறுகிவிடும். 200 டிகிரி வரை தாங்கும் வைட்டான் வளையம் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவுக்கும் பிறகுதான் இன்ஜினை நன்றாக ஓடச் செய்யும் வேலைகள். ஊசலாடும் சிலிண்டர் உள்ள மலிவான இன்ஜின்களில் நீராவியின் பெரும்பகுதி சிலிண்டரும் அதன் தாங்குதகடும் உரசும் முகத்தில் கசிகிறது. ஒரு கனத்த கண்ணாடித் துண்டின் மேல் ஆயிரம் எண் நீர்த்தாளை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) விரித்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, சிலிண்டரின் முகத்தில் மார்க்கர் பேனாவால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் போட்டு, விரல் நுனியின் எடை மட்டும் விழும்படி எட்டு வடிவில் தேயுங்கள். பத்து சுற்றுக்கு ஒரு முறை திருப்பிப் பார்த்தால், கோடுகள் ஓரங்களில் மறைந்து நடுவில் நிற்கும். நடுவில்தான் பள்ளம் என்று பொருள். எல்லாக் கோடுகளும் ஒரே நேரத்தில் மங்கும்போது முகம் சமமாகிவிட்டது. அதன்பின் இரண்டாயிரம் எண் தாளில் சிறிது தேய்த்து, சோப்புத் தண்ணீரில் பழைய பல் துலக்கியால் துளைகளைக் கழுவ வேண்டும். ஒரு மணல்துகள் உள்ளே தங்கினாலும் தேய்த்த உழைப்பு முழுவதையும் அது அரைத்துத் தின்றுவிடும்.

அடுத்து எண்ணெய்க் கிண்ணம். நீராவிக் குழாயின் பாதையில் ஒரு சிறு மூடிய கிண்ணம் ஒரு நுண்துளையால் இணைந்திருக்கும். உள்ளே நுழையும் நீராவி குளிர்ந்து தண்ணீராகிக் கிண்ணத்தின் அடியில் தங்க, அதே அளவு எண்ணெய் மேலேறித் துளை வழியாகச் சிலிண்டருக்குப் போகிறது. இதில் ஊற்ற வேண்டியது நீராவி சிலிண்டருக்கான கனத்த எண்ணெய், ஐ.எஸ்.ஓ. 460 தரம் பரவலாகப் பயன்படுகிறது. கார் எண்ணெய் அந்த ஈரச் சூட்டில் கழுவிக்கொண்டு போய்விடும்.

வேகத்தைக் கட்டுப்படுத்த மிக மலிவான மாற்றம், பின்னால் கனமான நான்கு பெட்டிகளை மாட்டுவதுதான். வெறும் இன்ஜினாக ஓடும்போது வளைவில் பாய்ந்து கவிழும் அதே வண்டி, சுமை கிடைத்தவுடன் பொறுமையாக நடக்கிறது. சிலிண்டருக்குப் போகும் நீராவியைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் உள்ள இன்ஜினுக்கு ரேடியோ கட்டுப்பாடு போடுவது அதற்கு அடுத்த படி. ரெகுலேட்டரைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோவையும் பேட்டரியையும் கொதிகலனிலிருந்தும் எரிவாயு வால்விலிருந்தும் தள்ளி, முடிந்தால் பின்பெட்டியில் வையுங்கள்.

நெருப்பு வைக்கும் காலை

காற்று அடங்கிய காலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடைப்பட்ட நேரமே நல்லது. இடம் திறந்தவெளியாக இருக்க வேண்டும். அடுக்குமாடி வீட்டின் பால்கனி இதற்கு உரிய இடமன்று. தரைவீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வாசலில் ஓடும் லோங்காங் என்ற சாக்கடைக் கால்வாய். பியூட்டேன் காற்றைப் போல இரு மடங்கு கனமானது. நிரப்பும்போது சிந்துவது தரையோடு ஊர்ந்து பள்ளத்தைத் தேடிப் போய்த் தங்கும். ஆகவே எரிவாயு நிரப்பும் இடம் லோங்காங்கிலிருந்தும், சாமி விளக்கிலிருந்தும், பக்கத்து வீட்டார் புகைக்கும் மூலையிலிருந்தும் விலகி இருக்கட்டும். உலர்தூள் தீயணைப்பான் ஒன்று, தோல் கையுறை, கண்ணுக்கான பாதுகாப்புக் கண்ணாடி, ஓடும் தண்ணீர்க் குழாய் ஆகியவை கையெட்டும் தூரத்தில் வேண்டும். கை வெந்தால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் பிடியுங்கள். பற்பசையும் சோயா சாஸும் வேண்டாம்.

முதலில் எண்ணெய், அடுத்து தண்ணீர், கடைசியில் எரிவாயு என்ற வரிசையை மாற்றாதீர்கள். எண்ணெய்க் கிண்ணத்தில் போன வாரத் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிய எண்ணெய் விட்டு, மூட்டுகளுக்கு மெல்லிய எண்ணெய் ஒவ்வொரு சொட்டு வையுங்கள். கொதிகலனை முழுக்க நிரப்பி, கையேடு சொல்லும் அளவை, பல இன்ஜின்களில் சுமார் 30 மில்லிலிட்டர், திரும்ப உறிஞ்சி எடுத்து நீராவிக்கு இடம் விடுங்கள். காய்ச்சி வடித்த நீர் அல்லது வடிகட்டிய மழைநீர் போதும். ஏர்கான் சொட்டும் நீரில் தூசும் பாசியும் இருக்கும். எரிவாயு வால்வும் ரெகுலேட்டரும் மூடியிருப்பதைப் பார்த்து, டப்பாவைத் தலைகீழாக நிறுத்தி நிரப்புங்கள். ஏற்கெனவே ஒரு முறை ஓடிச் சூடான தொட்டிக்குள் எரிவாயு இறங்காது. டப்பாவைச் சூடாக்கும் எண்ணம் வரக் கூடாது. தொட்டியின் மேல் ஈரத் துணியைப் போட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். வாயில் திரவம் திரும்பத் துப்பியதும் நிறுத்தி, சிந்தியது கலைய இரண்டு நிமிடம் விடுங்கள்.

பற்ற வைக்கும்போது முகம் புகைபோக்கிக்கு நேர் மேலே இருக்கலாகாது. நீண்ட மூக்குள்ள லைட்டரைப் புகைபோக்கியின் வாயில் பிடித்து எரிவாயுவை மெல்லத் திறந்தால், ‘பொப்’ என்ற ஓசையோடு சுடர் உள்ளே இறங்கி பர்னரில் உட்காரும். அப்போது கேட்பது ஒரே சீரான மெல்லிய இரைச்சல். சுடர் புகைபோக்கியிலேயே நின்றால் உடனே மூடி, ஒரு நிமிடம் கழித்து மறுபடி முயலுங்கள். மஞ்சள் நாக்குகள் வெளியே நீண்டால் தொட்டி அளவுக்கு மீறி நிரம்பித் திரவமே ஜெட்டுக்கு வருகிறது என்று அறிய வேண்டும், அப்போதும் மூடிவிடுங்கள். அடைபட்ட ஜெட்டை ஊசியால் குத்தினால் துளை பெரிதாகி நெருப்பின் கணக்கே மாறிவிடும். கரைப்பானில் ஊறவைத்துப் பின்பக்கமிருந்து ஊதுங்கள்.

ஐந்து முதல் எட்டு நிமிடங்களில் அழுத்தம் ஏறும். பாதுகாப்பு வால்வு தனக்குரிய அழுத்தத்தில் திறப்பதை ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்த பிறகே ஓட்டத் தொடங்க வேண்டும். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியும் வால்வு திறக்கவில்லையென்றால் எரிவாயுவை மூடி, விலகி நில்லுங்கள். தட்டிப் பார்ப்பதும் குனிந்து பார்ப்பதும் அழுத்தம் இறங்கிய பிறகு. வால்வு திறந்த பின் எரிவாயுவைக் குறைத்து, அது அவ்வப்போது மட்டும் மூச்சுவிடும் அளவில் வையுங்கள். எந்நேரமும் சீறும் வால்வு தண்ணீரைக் காற்றில் விடுகிறது.

குளிர்ந்த சிலிண்டரில் நுழையும் முதல் நீராவி தண்ணீராக மாறிப் பிஸ்டனை அடைத்துக்கொள்ளும். ரெகுலேட்டரைச் சிறிது திறந்து, கையுறை போட்ட கையால் இன்ஜினை முன்னும் பின்னும் மெல்லத் தள்ளினால், புகைபோக்கி வழியாகக் கொதிநீரும் எண்ணெயும் துப்பிய பிறகு சக்கரம் தானாகச் சுழலும். முழு நீராவியையும் திறந்து வலிந்து ஓட்டினால் கம்பிகள் வளையும். பிள்ளைகள் இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பது இந்தத் துப்பலுக்காகத்தான்.

நெருப்பு அணைந்ததும் எஞ்சிய அழுத்தத்தில் இன்ஜின் ஒன்றிரண்டு சுற்று ஓடி நிற்கும். முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகு, நிரப்பு மூடியைக் கால் சுற்று மட்டும் திருகி, சீறல் எதுவும் இல்லையென்று கேட்டு, பிறகு முழுக்கத் தளர்த்துங்கள். மூடியபடியே ஆறவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, ரெகுலேட்டர் திறந்திருந்தால் கிண்ணத்து எண்ணெயைக் கொதிகலனுக்குள் இழுத்துக்கொள்ளும். அந்த எண்ணெயைக் கழுவி எடுப்பது ஒரு முழு மாலை வேலை. வற்றிவிட்டது என்று சந்தேகம் வந்தால் சூட்டோடு தண்ணீர் ஊற்றாதீர்கள். முழுவதும் ஆறவிட்டு, மறுபடியும் அழுத்தச் சோதனை செய்த பிறகே அடுத்த நெருப்பு. கொப்பளித்த என் இன்ஜினும் அப்படித்தான் ஆறு வாரம் அலமாரியில் இருந்தது.

ஆறிய பின் எஞ்சிய தண்ணீரை ஊசிக்குழலில் உறிஞ்சி, எண்ணைச் சுவர்க் காலண்டரில் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் எழுதி வைக்கிறேன். போன வாரம் 62, அதற்கு முந்தைய வாரம் 58. பெரியவர் வேலியோரம் வந்து நின்றால் இன்ஜின் எப்படி ஓடியது என்று கேட்பதில்லை, “எவ்வளவு மிச்சம்?” என்றுதான் கேட்கிறார்.